துடிப்பும் நடுக்கமும்: இதய அறைகளின் பெயர் வரலாறு

பிடோக் என்னும் ஊர்ப்பெயர்க்கு வழங்கும் விளக்கங்களுள் பரவலானது, அது மலாய் மொழியின் 'பெடோ' அல்லது 'பெடுக்' என்னும் சொல்வழி வந்தது என்பதாகும். பள்ளிவாசலில் தொழுகை நேரத்தை அறிவிக்க முழக்கப்படும் பெருமுரசு அது. அவ்வூரின் பொது நூலகம், பலதுறை மருந்தகம், சமூக மன்றம், விளையாட்டு நிலையம் ஆகியவை 2017-ஆம் ஆண்டு முதல் ஒரே கட்டடத்தில் இயங்கி வருகின்றன. அதற்கு இட்ட பெயர் 'ஹார்ட்பீட் அட் பிடோக்'. அதாவது பிடோக்கின் இதயத்துடிப்பு. தமிழிலும் 'துடி' என்பது ஒரு பறையின் பெயர். அதனை முழக்கிய துடியனைச் சங்கச் செய்யுட்கள் அறியும். அதே வடிவம் வினையாக நிற்கும்போது இதயம் ஓயாது செய்யும் தொழிலைக் குறிக்கிறது.

துடிப்பு என்னும் சொல்லில் ஒழுங்கு அடங்கியுள்ளது. அவ்வொழுங்கு குலைந்து, இதயத்தின் மேலறைகள் துடிப்பதற்கு மாறாக நடுங்கும் நிலையை மருத்துவர் 'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்' என்பர். தமிழில் மேலறை நடுக்கம் எனலாம். முதுமையில் மிகுதியாகக் காணப்படும் தாளக்கேடு இது. இதற்குரிய சிகிச்சைகளுள் ஒன்று, மெல்லிய குழாயை இதயத்தினுள் செலுத்திக் குறிப்பிட்ட இடங்களில் வடு உண்டாக்குவது. அவ்விடங்கள் யாவை, அவற்றுக்குப் பெயர்கள் எங்கிருந்து வந்தன, அப்பெயர்கள் இன்று நமக்கு உண்மையைக் காட்டுகின்றனவா மறைக்கின்றனவா என்பனவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

காதும் முற்றமும்

இதயத்திற்கு அறைகள் நான்கு. மேலிரண்டும் குருதியைப் பெறுவன. கீழிரண்டும் அதனை வெளியே செலுத்துவன. கீழறையை இலத்தீனில் 'வென்ட்ரிகுலுஸ்' என்றனர். சிறுவயிறு என்பது அதன் பொருள். மேலறைக்கு ஐரோப்பியர் இட்ட பெயர்கள் இரண்டு. ஒன்று 'ஆரிகுலா', சிறுகாது என்பது பொருள். மற்றொன்று 'ஏட்ரியம்'. அது பண்டை உரோமர் இல்லத்தின் நடுக்கூடத்தைக் குறித்த சொல். வானம் நோக்கித் திறந்த கூரையும் அதன்கீழ் மழைநீர் வீழும் தொட்டியும் உடைய அக்கூடம், நம் நாலுகட்டு வீட்டு முற்றத்தை நினைவூட்டுவது.

காது என்ற பெயர் எழுந்தமைக்குக் காரணம் உண்டு. மேலறை ஒவ்வொன்றின் முன்புறத்திலும் காதுமடல் போன்ற சிறுபை ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். புறத்தே நின்று நோக்குவார்க்கு முதலில் தெரிவது அதுவே. எனவே பையின் பெயர் அறை முழுவதற்கும் ஆகிவந்தது. உறுப்பின் பெயர் முழுமைக்கு ஆகும் இதனை நம் இலக்கண நூலார் சினையாகுபெயர் என்பர். 1895-ஆம் ஆண்டில் பாசல் நகரில் வகுக்கப்பட்ட உடற்கூற்றுப் பெயர்த்தொகுதி அறைக்கு ஏட்ரியம் என்றும், பைக்கு ஆரிகுலா என்றும் வேறுபடுத்தியது. ஆயினும் ஆங்கில வழக்கில் பழைய ஆகுபெயர் நெடுங்காலம் நீடித்தது. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் தலைமுறை தலைமுறையாக 'ஆரிக்கிள், வெண்ட்ரிக்கிள்' எனக் கற்பித்தமை இதன் விளைவே.

இலங்கைத் தமிழர் அச்சொல்லை மொழிபெயர்த்துக்கொண்டனர். அங்கே மேலறை 'சோணையறை', கீழறை 'இதயவறை'. சோணை என்பது காதின் தொங்கும் மடலுக்கு யாழ்ப்பாணத்தார் வழங்கும் பெயர். சிறுகாது என்ற இலத்தீன் உருவகம் தமிழ்ச் சொல்லில் அப்படியே குடிபுகுந்துள்ளது.

இது பெயராய்வாளர்க்கு மட்டும் உரிய செய்தியன்று. மேலறை நடுங்கும்போது குருதி முழுவதும் வெளியேறாமல் தேங்குகிறது. தேங்கிய குருதி உறைகிறது. இதய அடைப்பிதழ் நோய் இல்லாதவர்களிடம், இடமேலறையில் காணப்படும் உறைகட்டிகளில் பத்தில் ஒன்பது அக்காதுப்பையில்தான் உருவாகின்றன என ஆய்வுகள் காட்டியுள்ளன. அக்கட்டி பெயர்ந்து மூளைக்குச் செல்லின் பக்கவாதம் நேரும். மேலறை நடுக்கம் உடையார்க்குப் பக்கவாத வாய்ப்பு ஏறத்தாழ ஐந்து மடங்கு மிகுதி. ஆதலால் அறையையும் பையையும் ஒரே சொல்லால் அழைப்பது இன்று பொருந்தாது. மேலறை என்பது அறைக்கும், சோணை என்பது காதுப்பைக்கும் ஆகுமாயின், தமிழ்நாட்டுச் சொல்லும் யாழ்ப்பாணச் சொல்லும் ஒன்றையொன்று தள்ளாமல் தத்தம் இடத்தைப் பெறும்.

'மேலறை' என்னும் சொல்லிலும் ஒரு குறை உண்டு. பாடநூற் படத்தில் அவ்வறை மேலே காணப்படும். உடலிலோ இடமேலறை இதயத்தின் பின்புறத்தில், முதுகெலும்பை நோக்கி அமைந்துள்ளது. அதனை ஒட்டிப் பின்னே செல்வது உணவுக்குழாய். இரண்டிற்கும் இடைவெளி சில மில்லிமீட்டரே. அறையின் பின்சுவரில் சூடு வைக்கும் மருத்துவர் உணவுக்குழாயின் வெப்பநிலையையும் கவனித்துக்கொண்டிருப்பது இதனாலேயே. மேல் என்னும் அடைமொழி இவ்வுண்மையை மாணவர் மனத்திலிருந்து மறைத்துவிடுகிறது. சொல்லை மாற்ற வேண்டும் என்பது நம் கருத்தன்று; சொல்லோடு இடத்தையும் சேர்த்துக் கற்பிக்க வேண்டும் என்பதே.

மானிப்பாயில் ஒரு மருத்துவக் கல்வி

தமிழில் மேனாட்டு உடற்கூற்றியலைக் கற்பிக்க இயலுமா என்னும் வினா புதியதன்று. அதற்கு விடையும் புதியதன்று. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1822-இல் பிறந்த சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், 1847-இல் மருத்துவ ஊழியராக யாழ்ப்பாணம் வந்தார். மறு ஆண்டே மருத்துவக் கல்வியைத் தொடங்கி, பின்னர் மானிப்பாயில் அதனை நிலைபெறச் செய்தார். 1873-இல் தாயகம் திரும்பும் வரை அவரிடம் பயின்று வெளிவந்தோர் அறுபதின்மர்க்கும் மேற்பட்டவர். தொடக்கத்தில் ஆங்கிலத்திலேயே பாடம் நடந்தது. ஆங்கிலத்தில் பயின்றோர் அரசுப் பணி தேடிச் சென்றுவிட, ஊர்மக்கள் மருத்துவரின்றி நின்றதைக் கண்ட கிறீன் கல்வியைத் தமிழுக்கு மாற்றினார்.

பாடத்திற்கு நூல் வேண்டும். நூலுக்குச் சொல் வேண்டும். கால்வின் கட்டர் எழுதிய உடற்கூற்று நூல் 1857-இல் 'அங்காதிபாதம், சுகரணவாதம், உற்பாலனம்' என்னும் பெயரில் தமிழில் வெளிவந்தது. உடற்கூறு, உடற்றொழில், நலவியல் ஆகிய மூன்றையும் அப்பெயர்கள் குறித்தன. ஹென்றி கிரே எழுதிய புகழ்பெற்ற நூல் இலண்டனில் வெளிவந்தது 1858-இல். அதனைத் தழுவிய 'மனுஷ அங்காதிபாதம்' 1872-இல் தமிழில் வெளிவந்தது. இடைப்பட்ட காலம் பதினான்கே ஆண்டுகள். இன்று ஒரு மருத்துவப் பெருநூல் பதினான்கு ஆண்டுகளுக்குள் தமிழில் வருவதை நாம் எண்ணிப் பார்க்கவும் தயங்குகிறோம்.

'அங்காதிபாதம்' என்னும் பெயர் 'கேசாதிபாதம்' என்னும் சிற்றிலக்கிய வகையை நினைவூட்டுவது. முடி முதல் அடி வரை உறுப்புகளை முறைப்படச் சொல்லும் மரபு தமிழ்ப் புலவர்க்குப் பழக்கமானது. கிறீன் கடைப்பிடித்த கலைச்சொல் முறையும் குறிக்கத்தக்கது. தமிழில் வழங்கும் சொல் உண்டா என முதலில் தேடுவது. இல்லையெனில் வடமொழியில் தேடுவது. அங்கும் பொருந்துவது இல்லையெனில் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஒலிக்கு இசையப் பெயர்த்துக்கொள்வது. தனித்தமிழ் உணர்வும் பிறமொழி ஏற்பும் பிற்காலத்தில் எதிரெதிர் அணிகளாக நின்றன. மானிப்பாயிலோ அவை ஒரே வேலையின் அடுத்தடுத்த படிகளாக இருந்தன. நோயாளியும் மாணவரும் காத்துக்கொண்டிருந்தமையால் அங்கே வாதிட நேரமில்லை.

நுரையீரல் சிரையின் பெயர்கள்

மேலறை நடுக்கச் சிகிச்சையில் முதன்மையான உறுப்பு நுரையீரலிலிருந்து இடமேலறைக்கு வரும் குருதிக்குழாய். பெரும்பாலோர்க்கு இவை நான்கு: வலப்புறம் இரண்டு, இடப்புறம் இரண்டு. சிலர்க்கு ஒரு பக்கத்துக் குழாய்கள் இரண்டும் ஒன்றாய்க் கூடியே அறையில் திறக்கும். சிலர்க்கு ஐந்தாவது ஒன்றும் உண்டு. தமிழ்நாட்டில் இதனை நுரையீரல் சிரை என்பர். இலங்கையில் நாளம் என்பர். தமிழ்நாட்டில் தமனி எனப்படுவது இலங்கையில் நாடி.

சிரை, தமனி என்பன வடமொழி மருத்துவ நூல்களின் பழஞ்சொற்கள். சுசுருதரின் நூலில் சிரைகள் எழுநூறு, தமனிகள் இருபத்துநான்கு, இரண்டும் கொப்பூழை மூலமாக உடையன. இன்றைய பொருளில் அவர் அச்சொற்களை ஆளவில்லை. பழைய கலத்தில் புதிய பொருளை நாம் வார்த்துக்கொண்டோம். ஐரோப்பியர் செய்ததும் அதுவே. 'ஆர்ட்டெரியா' என்னும் கிரேக்கச் சொல் ஆதியில் மூச்சுக்குழாயைக் குறித்தது. இறந்த உடலில் தமனிகள் வெறுமையாகக் காணப்பட்டமையால் அவையும் காற்றுக்குழாய்களே எனக் கருதினர்.

நுரையீரல் சிரையின் பெயரோ இவற்றினும் விந்தையானது. கேலன் மரபினர் குழாய்களை இதயத்தின் பக்கத்தை வைத்துப் பிரித்தனர். இடப்பக்கத்தைச் சேர்ந்தது உயிர்க்காற்றின் வழி என்பது அவர்தம் கொள்கை. எனவே இக்குழாயைச் 'சிரை போன்ற தமனி' என்றனர். நுரையீரல் தமனியைத் 'தமனி போன்ற சிரை' என்றனர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் திமிஷ்கில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அந்நஃபீஸ், குருதி வலக்கீழறையிலிருந்து நுரையீரல் சென்று இக்குழாய் வழியாகவே இடப்பக்கத்தை அடைகிறது என எழுதினார். 1559-இல் வெளிவந்த நூலில் இத்தாலியரான ரியால்டோ கொலம்போ இக்குழாயில் காற்றன்று, குருதியே நிரம்பியிருக்கக் கண்டதாகக் கூறினார். 1628-இல் வில்லியம் ஹார்வி குருதிச் சுழற்சியை நிறுவினார். அதன் பின்னர்ப் பெயர் சீர்ப்பட்டது. பெயர் தவறாக இருந்த வரையில், குழாயைத் திறந்து பார்த்தவரும் பெயரில் இருந்ததையே கண்டனர்.

சீர்ப்பட்ட பெயரும் ஒன்றை மறைத்தது. சிரை என்றதும் அசைவற்ற வெறுங்குழாய் என்றே எண்ணினோம். கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் அறுவைப் பேராசிரியராக இருந்து இந்தியப் பாம்புகளைப் பற்றிப் பெருநூல் வெளியிட்டவர் ஜோசப் ஃபேரர். அவரும் தாமஸ் லாடர் பிரண்டனும் இணைந்து 1876-இல் இலண்டன் ராயல் சொசைட்டிக்கு ஒரு சிறுகுறிப்பு அளித்தனர். நுரையீரல் சிரைகள் இதயத்தைச் சாராமல் தாமே துடிப்பதை விலங்குகளிடம் கண்டோம் என்பது அதன் செய்தி. இடமேலறையின் தசை, சட்டைக்கை போலச் சிரையின்மீது சிறிது தொலைவு படர்ந்திருக்கிறது, துடித்தது அத்தசையே. அக்குறிப்பு நூறாண்டுக்கு மேல் பெரிதும் பேசப்படாமலே கிடந்தது.

தாளத்தின் தோற்றுவாய்

இதனிடையே ஆய்வாளர் வேறோர் இடத்தில் தாளத்தைத் தேடிக் கண்டனர். 1893-இல் வில்ஹெல்ம் ஹிஸ், மேலறைக்கும் கீழறைக்கும் இடையே மின்செய்தி கடக்கும் தசைக்கற்றையைக் கண்டார். 1906-இல் ஜெர்மனியின் மார்பர்க் நகரில் பணியாற்றிய ஜப்பானியர் சுனாவோ தவாரா, அக்கற்றையின் தொடக்கத்திலுள்ள கணுவை விவரித்தார். 1907-இல் ஆர்தர் கீத்தும் அவரிடம் பணியாற்றிய மருத்துவ மாணவர் மார்ட்டின் ஃப்ளாக்கும், வலமேலறையும் மேற்பெருஞ்சிரையும் கூடுமிடத்தில் தாளத்தைத் தொடங்கிவைக்கும் சைனஸ் கணுவைக் கண்டறிந்தனர்.

அக்கணு ஓய்வுநிலையில் நிமிடத்திற்கு 60 முதல் 100 முறை தாளமிடும். மேலறை நடுக்கத்தில் அம்முரசொலி கேட்பதில்லை. அறையின் பல பகுதிகளும் நிமிடத்திற்கு 350 முதல் 600 முறை வரை ஒழுங்கின்றி எழும்பும். இடையிலுள்ள கணு சிலவற்றையே கீழே விடுவதால் நாடி முறையற்றுத் தட்டுப்படும். இந்த முறையற்ற நாடியும் மேலறை நடுக்கமும் ஒன்றே என்பதை 1909-இல் தாமஸ் லூயிஸ் மின்வரைவின் துணைகொண்டு விளக்கினார்.

நடுக்கத்தின் தொடக்கம் எங்கே என்னும் வினா எஞ்சி நின்றது. 1987-இல் அமெரிக்க அறுவை மருத்துவர் ஜேம்ஸ் காக்ஸ், மேலறைகளில் பல வெட்டுகள் இட்டுத் தைத்து, மின்செய்தி ஒரே வழியில் செல்லுமாறு புதிர்ப்பாதை போன்ற தடங்களை உண்டாக்கினார். நெஞ்சைத் திறந்து செய்யும் பெருஞ்சிகிச்சை அது. 1998-இல் பிரான்சின் போர்தோ நகரில் மிஷேல் அய்சாகேர் குழுவினர் வெளியிட்ட ஆய்வு வினாவிற்கு விடை தந்தது. 45 நோயாளிகளிடம் நடுக்கத்தைத் தூண்டும் 69 இடங்களை அவர்கள் கண்டனர். அவற்றுள் 65 நுரையீரல் சிரைகளின் உள்ளே இருந்தன. பிரண்டனும் ஃபேரரும் கண்ட துடிப்புக்கு 122 ஆண்டுகளுக்குப் பின்னர் மருத்துவப் பொருள் கிடைத்தது.

நீக்கமா, வடுவா?

இச்சிகிச்சையை ஆங்கிலத்தில் 'அப்லேஷன்' என்பர். எடுத்துச் செல்லுதல், அகற்றுதல் என்பது இலத்தீன் மூலத்தின் பொருள். இதனைத் தமிழில் 'நீக்கம்' எனப் பெயர்ப்போரும் உளர். நீக்கம் என்று கேட்கும் முதியவர், தம் இதயத்திலிருந்து ஏதோ ஒன்று வெட்டி எடுக்கப்படும் என அஞ்சுவார். அல்லது நோய் அடியோடு எடுக்கப்பட்டுவிடும் என நம்புவார். இரண்டும் உண்மையல்ல.

நிகழ்வது இதுதான். தொடையின் சிரை வழியே மெல்லிய குழாய் வலமேலறையை அடைகிறது. வலமேலறைக்கும் இடமேலறைக்கும் நடுவே உள்ள சுவரில் மெல்லிய பள்ளம் ஒன்றுண்டு. கருவில் இருக்கும்போது அது திறந்த வாயில், பிறந்தபின் மூடிக்கொள்ளும், ஏறத்தாழ நால்வரில் ஒருவர்க்கு முற்றும் மூடாமல் சிறிது எஞ்சும். அப்பள்ளத்தைத் துளைத்துக் குழாய் இடமேலறையினுள் நுழைகிறது. சிரைகள் வந்து திறக்கும் வாயில்களைச் சுற்றி வளையமாகச் சூடு வைக்கப்படுகிறது. சூட்டுக்கு மாறாகக் கடுங்குளிரால் உறையச் செய்வதும், மின்புலத் துடிப்புகளைப் பாய்ச்சுவதும் உண்டு. அவ்விடத்துத் தசை இறந்து வடுவாகிறது. வடு மின்செய்தியைக் கடத்தாது. சிரைக்குள் எழும் துடிப்பு அங்கேயே அடங்கிவிடுகிறது. எடுக்கப்பட்டது எதுவுமில்லை, வேலி ஒன்று இடப்பட்டது. வேலியில் இடைவெளி உண்டாயின் நடுக்கம் மீளலாம். அப்போது இரண்டாம் முறை செய்ய நேரிடும். உணவுக்குழாய்க்கும், வலமேற்சிரையின் அருகே செல்லும் உதரவிதான நரம்புக்கும் ஊறு நேரும் வாய்ப்பு சிறிதளவு உண்டு. சிரையின் உட்பகுதியில் சூடு பட்டால் அது சுருங்கக்கூடும் என்பதாலேயே வளையம் வாயிலுக்கு வெளியே, அறையின் பக்கமாக இடப்படுகிறது.

சுட்டுக் குணமாக்கும் முறை தமிழர்க்குப் புதிதன்று. குலசேகர ஆழ்வார் தம் பெருமாள் திருமொழியில், அறுத்தும் சுட்டும் மருத்துவம் புரிபவன்மீது நோயாளி கொள்ளும் மாறா அன்பை இறையன்புக்கு உவமையாக்கினார். ஆதலால் 'சூடு', 'வடு' என்னும் சொற்கள் நம் முதியோரை மருட்டா. 'வடுவாக்கச் சிகிச்சை' எனின் செயலும் விளைவும் ஒருங்கே விளங்கும்.

ஆசிரியர்க்கும் மாணவர்க்கும்

சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்று. தமிழ்நாட்டிலிருந்து வந்தோர் மரபும் இலங்கையிலிருந்து வந்தோர் மரபும் இங்கே அருகருகே வாழ்கின்றன. பிடோக்கிலிருந்து சிறிது தொலைவிலேயே சிலோன் ரோட்டில் ஸ்ரீ செண்பக விநாயகர் ஆலயம் உள்ளது. யாழ்ப்பாணத் தமிழர் இக்கிழக்குப் பகுதியில் வேரூன்றியமைக்குச் சான்று அது. ஒரே மருந்தகத்தின் காத்திருப்பு வரிசையில் நாடி என்றதும் குருதிக்குழாயை நினைப்பவரும், மணிக்கட்டில் தட்டுப்படும் துடிப்பை மட்டும் நினைப்பவரும் அடுத்தடுத்து அமர்ந்திருக்கலாம். இருவர்க்கும் உடன் வருவோர் பெரும்பாலும் பேரப்பிள்ளைகள். மருத்துவர் ஆங்கிலத்தில் சொல்வதைத் தாத்தாவுக்கும் பாட்டிக்கும் தமிழில் எடுத்துரைக்கும் பொறுப்பு அவர்கள்மீது வீழ்கிறது. அப்பிள்ளைகளே நம் வகுப்பறை மாணவர்.

அவர்க்கு நாம் தரத்தக்கவை சில. முதலாவது, இரு வழக்கின் சொற்களையும் இணைத்துக் கற்பித்தல்: தமனியும் நாடியும் ஒன்று, சிரையும் நாளமும் ஒன்று, மேலறையும் சோணையறையும் ஒன்று. இரண்டாவது, சொல்லை இடத்தோடு கற்பித்தல்: இடமேலறை பின்னே உள்ளது, அதன் பின்னே உணவுக்குழாய் உள்ளது, நான்கு சிரைகள் அதில் வந்து திறக்கின்றன. மூன்றாவது, சொல்லின் எல்லையைக் கற்பித்தல்: சிரை என்பதால் அது துடிக்காது என எண்ணற்க, நீக்கம் என்பதால் ஏதும் எடுக்கப்படும் என எண்ணற்க. நான்காவது, பொருந்திய தமிழ்ச்சொல் கிடைக்காத இடத்தில் சைனஸ் கணு எனத் தயங்காது சொல்லுதல். மானிப்பாயின் மூன்றாம் படி நமக்கும் உரியது.

சிகிச்சைக்கு ஒப்புதல் தரும் படிவத்தில் கையொப்பமிடுபவர் நோயாளியே. எதற்கு ஒப்புகிறோம் என்பதைத் தம் மொழியில் அறிந்து ஒப்புவது அவர்தம் உரிமை. மருந்து வேண்டுமா, வடு வேண்டுமா, பொறுத்திருப்பதா என்பதை அவரும் மருத்துவரும் கூடி முடிவு செய்வர். அவ்வுரையாடல் நிகழ்வதற்கு வேண்டிய சொற்கள் தமிழில் 1857 முதலே அச்சில் உள்ளன. அவற்றைச் செம்மைப்படுத்திப் பிள்ளைகளின் நாவில் ஏற்றுவது ஆசிரியர் கடன்.